திக்கிய நாவில் பிறந்த பாடல்கள்

எட்டாம் தரத்தில் பேச்சுப் போட்டியொன்றில் மேடையேறினேன். “கனம் அதிபர் அவர்களே” என்று தொடங்க வேண்டும். முதலெழுத்தாகிய ‘க’விலேயே என் நா நின்றுவிட்டது. சபை காத்திருந்தது, பிறகு சிரித்தது. அன்று இறங்கிய நான் மீண்டும் மேடையேறவில்லை, எழுதுவதோடு நின்றுகொண்டேன். அதனாலேயே, திக்கிப் பேசிய ஒரு பாடலாசிரியரின் வரலாறு எனக்குக் கிடைத்தபோது அதைப் பாடமாகவே படித்தேன். அவர் பெயர் பில் விதர்ஸ்.

ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியா மாநிலத்திலே, ஸ்லாப் ஃபோர்க் என்னும் சிறிய நிலக்கரிச் சுரங்க ஊரில் 1938 ஜூலை 4இல் அவர் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். சிறு வயதிலிருந்தே பேச்சுத் திக்கியது. பதின்ம வயதிலே கடற்படையில் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினார். 1967இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குச் சென்று, விமானங்களுக்குக் கழிப்பறைகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தபடியே பாடல்கள் எழுதினார்.

அவர் எழுதியவை ‘சோல்’ இசைப் பாடல்கள். ‘சோல்’ என்றால் ஆன்மா. ஆபிரிக்க அமெரிக்கர்களின் தேவாலயப் பாடல்களும், ‘ரிதம் அன்ட் புளூஸ்’ என்னும் அவர்களது இசை வடிவமும் கலந்து 1950களிலும் 60களிலும் வளர்ந்தது இவ்விசை.

1971இல் அவரது முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 32. அதன் அட்டைப் படத்தில் கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு வேலைத்தலத்தில் நிற்கிறார். இசைத்துறையை நம்பி உடனே வேலையை விட அவர் துணியவில்லை.

அவ்விசைத்தட்டிலுள்ள ‘ஏய்ன்ற் நோ சன்ஷைன்’ பிரிவுத் துயரைச் சொல்லும் பாடல். அதில் ஓரிடத்தில் இரண்டே சொற்களை 26 தடவை திரும்பத் திரும்பப் பாடுகிறார். அவ்விடத்துக்கு வேறு வரிகள் எழுதவே முதலில் எண்ணியிருந்தார். உடனிருந்த இசைக்கலைஞர்கள் அப்படியே விடும்படி கூற, அவரும் விட்டுவிட்டார். அப்பாடலுக்குக் கிரமி விருது கிடைத்தது.

கூறியது கூறல் குற்றம் என்று இலக்கண வகுப்பில் படித்திருக்கிறோம். ஆனால் துயரம் மிகும்போது சொல் அடுக்கி வரும் என்றும் படித்திருக்கிறோம். தெரிந்த ஒன்றையே மனம் விடமுடியாமல் சுற்றிவரும் நிலைக்கு அந்த இரு சொற்கள் போதுமாயின. ஒரே எழுத்தில் சிக்கி நின்ற எனக்கு, திரும்பச் சொல்வதும் அழகாகலாம் என்பது பெரிய ஆறுதல்.

இரண்டாவது பாடம் எளிமை. 1972இல் அமெரிக்காவில் முதலிடம் பெற்ற ‘லீன் ஒன் மீ’ என்னும் பாடல், துன்பத்தில் ஒருவர்மீது ஒருவர் சாய்ந்துகொள்ளலாம் என்கிறது. புதிதாக வாங்கிய மின்பியானோவின் கட்டைகளிலே விரல்களை வரிசையாக ஏற்றி இறக்கியபோது பிறந்தது அதன் மெட்டு. அயலவர்க்கு அயலவர் உதவிய ஸ்லாப் ஃபோர்க் வாழ்க்கையே அதன் பொருள். அருஞ்சொல் ஒன்றுகூட அதில் இல்லை. தன் பாட்டியின் கைகளைப்பற்றி அவர் எழுதிய ‘கிரான்ட்மாஸ் ஹேண்ட்ஸ்’ பாடலும் அப்படித்தான். தாளம் தட்டிய கைகள், நொந்து வீங்கிய கைகள், பேரனைக் காத்த கைகள், அவ்வளவே. அதைக் கேட்டபோது என் உம்மம்மாவின் கைகளைப் பார்த்தேன். இத்தனை நாளும் அவற்றைப்பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை.

மூன்றாவது பாடம், நிறுத்தத் தெரிவது. இசைத்தட்டு நிறுவன அதிகாரிகளின் தலையீடுகளால் சலிப்புற்ற அவர், 1985க்குப் பின் புதிய இசைத்தட்டு எதனையும் வெளியிடாமல் குடும்பத்தோடு வாழ்ந்தார். 2015இல் ‘றொக் அன்ட் றோல்’ புகழ்மண்டபத்தில் அவர் சேர்க்கப்பட்டபோது, அவரை அறிமுகம் செய்தவர் ஸ்டீவி வொண்டர். 2020 மார்ச் 30இல், 81ஆவது வயதில் காலமானார். கொரோனாவால் உலகம் வீடுகளுக்குள் அடைபட்டிருந்த அந்நாட்களில் அவரது ‘லீன் ஒன் மீ’யையே பல நாட்டு மக்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

தோழியரே, திக்கல் இருந்ததால்தான் அவர் கவிஞரானார் என்று நான் சொல்லவரவில்லை. திக்கல் வேதனையானது, அதை நான் அறிவேன். ஆனால் வேகமாகப் பேச முடியாதவர்க்கும் சொல்வதற்கு ஒன்றிருக்கும். அது வரும்வரை காத்திருக்கும் செவி வேண்டும்.

இக்கட்டுரையைச் சென்ற தவணை எமது தமிழ் மன்றக் கூட்டத்தில் நானே வாசித்தேன். நான்கு இடங்களில் நின்றேன். எவரும் சிரிக்கவில்லை. வாசித்து முடித்தேன்.