மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கப் போகிறீர்களா?

மானிட்டர் என்றதும் கம்ப்யூட்டரின் திரைதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் ஒலிக்கும் மானிட்டரும் உண்டு. பாடல் பதிவு செய்யும் ஸ்டூடியோக்களில், பதிவான ஒலி எப்படி இருக்கிறது என்று சரிபார்ப்பதற்காக வைத்திருக்கும் ஸ்பீக்கருக்கு ஸ்டூடியோ மானிட்டர் என்று பெயர். இப்போது வீட்டு மேசையில் வைக்கும் அளவிலும் இவை கிடைக்கின்றன. பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுபவர்கள், பாட்டு, வாத்தியம், பேச்சு ஆகியவற்றை வீட்டிலேயே பதிவு செய்பவர்கள், வீடியோ எடிட் செய்பவர்கள் ஆகியோருக்கு இவை மிகவும் பயன்படும். இவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது, எங்கே வைப்பது, எப்படி இணைப்பது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

நான் செய்த தவறு

எங்கள் ஊர் காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழி. என் தாத்தா பட்டு நெசவாளர். தறியில் உட்கார்ந்தபடியே பாடுவார். அதனை அப்பா ஒருமுறை டேப் ரெக்கார்டரில் பதிவு செய்து வைத்திருந்தார். தாத்தாவின் குரல் என்று எங்கள் வீட்டில் இருந்தது அந்த ஒரே கேசட்தான். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய திதிக்காக அதனைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன்.

அப்போது என்னிடம் இருந்தது சாதாரண 2.1 ஸ்பீக்கர். இரண்டு சிறிய பெட்டிகள், மேசைக்கு அடியில் மூலையில் ஒரு சப்வூஃபர். பாட்டைப் போட்டால் தாத்தாவின் குரல் குடத்திற்குள் இருந்து வருவது போல் கனத்தது. தறியை மிதிக்கும் சத்தம் தொம் தொம் என்று அதிர்ந்தது. கேசட்டில்தான் குறை என்று நினைத்து, ஆடாசிட்டி மென்பொருளில் தாழ்ந்த ஒலிகளை நன்றாகக் குறைத்தேன். என் ஸ்பீக்கரில் இப்போது அருமையாகக் கேட்டது.

திதியன்று கூடத்தில் டிவியில் பென் டிரைவைச் செருகிப் போட்டேன். ஆயா சிறிது நேரம் கேட்டுவிட்டு, "என்னாடா இது, தாத்தா போன்ல பேசற மாதிரி இருக்குது?" என்றார். அவர் சொன்னது சரிதான். குரலில் இருந்த கனம் முழுவதையும் நான் வெட்டி எறிந்திருந்தேன். மறுபடி மாற்றலாம் என்று கேசட்டைப் போட்டபோது நாடா அறுந்து சிக்கிக்கொண்டது. முதலில் பதிவு செய்த கோப்பை அழிக்காமல் வைத்திருந்ததால் தாத்தாவின் குரல் தப்பியது.

குறை கேசட்டில் இல்லை. என் ஸ்பீக்கர் இல்லாத கனத்தைக் கூட்டிக் காட்டியது. நான் இருந்த கனத்தைக் குறைத்துவிட்டேன்.

வெயிலில் பார்க்கும் பட்டு

என் சித்தப்பா சாயம் போட்ட பட்டு நூலை டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்ய மாட்டார். வாசலுக்கு எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் பார்ப்பார். உடலின் நிறமும் கரையின் நிறமும் அங்கே ஒத்துப்போனால்தான் தறியில் ஏற்றுவார். மஞ்சள் பல்பின் கீழ் எல்லாச் சிவப்பும் அழகாகத்தான் தெரியும்.

மானிட்டர் ஸ்பீக்கர் என்பது ஒலிக்கான பகல் வெளிச்சம். சாதாரண கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்கள் பல, கேட்பதற்கு இனிமையாக இருக்க வேண்டும் என்று தாழ்ந்த ஒலியையும் உச்ச ஒலியையும் சற்றுத் தூக்கிக் காட்டும்படி செய்யப்படுகின்றன. மானிட்டர் எதையும் கூட்டாமல் குறைக்காமல், உள்ளதை உள்ளபடி ஒலிக்க முயல்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் யமஹா என்.எஸ்.10. 1978-ல் வீட்டு உபயோகத்திற்காக வந்த இந்த வெள்ளைக் கூம்பு ஸ்பீக்கர், பதிவில் உள்ள குறைகளை அப்பட்டமாகக் காட்டியதால் உலகெங்கும் ஸ்டூடியோக்களில் இடம் பிடித்தது. 2001-ல் அதன் உற்பத்தி நின்றாலும் இன்றைய யமஹா எச்.எஸ். வரிசையில் அதே வெள்ளைக் கூம்பைப் பார்க்கலாம்.

படம் பார்க்கவும் கேம் விளையாடவும் மட்டுமே உங்களுக்கு ஸ்பீக்கர் தேவை என்றால் மானிட்டர் அவசியமில்லை. நல்ல 2.1 ஸ்பீக்கரே போதும். ஒலியைத் திருத்தும் வேலை இருந்தால்தான் இந்தச் செலவு பயன் தரும்.

பவர்டு என்றால் என்ன?

ஸ்பீக்கர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தனியாக ஆம்ப்ளிஃபயர் வாங்கி இணைக்க வேண்டியது. மற்றொன்று, ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள்ளேயே இருப்பது. இந்த இரண்டாவது வகையைத்தான் பவர்டு அல்லது ஆக்டிவ் ஸ்பீக்கர் என்கிறோம். 1978-ல் தொடங்கப்பட்ட பின்லாந்து நாட்டின் ஜெனலெக் நிறுவனம், இத்தகைய ஆக்டிவ் மானிட்டர்களுக்காகவே பெயர் பெற்றது.

பல மானிட்டர்களில் தாழ்ந்த ஒலிக்கான வூஃபருக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர், உச்ச ஒலிக்கான ட்வீட்டருக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் என இரண்டு இருக்கும். எந்த ஒலி எதற்குச் செல்ல வேண்டும் என்பதை உள்ளே உள்ள கிராஸ்ஓவர் சர்க்யூட் பிரித்து அனுப்பும். ஸ்பீக்கருக்குப் பொருத்தமான ஆம்ப்ளிஃபயரை நிறுவனமே அமைத்துக் கொடுத்துவிடுவதால், புதியவர்களுக்குப் பவர்டு வகையே சிறந்தது.

வாட்ஸ் பார்த்து ஏமாற வேண்டாம்

சிறிய பிளாஸ்டிக் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் 1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று அச்சிட்டு விற்றதைப் பலர் பார்த்திருப்பீர்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து மறையும் உச்சத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி கணக்கிட்டுப் போட்டுக்கொள்ளும் எண் இது. இதற்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலைக் காட்டுவது ஆர்.எம்.எஸ். வாட்ஸ். அதை மட்டும் பாருங்கள்.

இன்னொரு விஷயம். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது. 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 மடங்கு வாட்ஸ் தேவை. எனவே 40 வாட்ஸா 50 வாட்ஸா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

வூஃபரின் அளவு

மானிட்டர்கள் பெரும்பாலும் 3, 4, 5, 7, 8 அங்குல வூஃபர்களுடன் வருகின்றன. வூஃபர் பெரிதானால் தாழ்ந்த ஒலிகள் கூடுதலாகக் கேட்கும். மனிதக் காது கேட்கக்கூடியது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. யமஹா எச்.எஸ்.5 மாடலில் 5 அங்குல வூஃபருக்கு 45 வாட்ஸ், 1 அங்குல ட்வீட்டருக்கு 25 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் உள்ளது. இது 54 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று குறிப்பிடப்பட்டுள்ளது. அதே 5 அங்குலத்தில் ஜே.பி.எல். 305பி மார்க் 2 மாடலுக்கு 43 ஹெர்ட்ஸ் எனக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

இந்த எண்களுக்கு அருகில் மைனஸ் 10 டெசிபல் என்று இருக்கும். அதாவது, அந்த இடத்தில் ஒலி ஏற்கெனவே 10 டெசிபல் குறைந்துவிட்டது என்று பொருள். மைனஸ் 3 டெசிபல் அளவில் கணக்கிட்டால் எச்.எஸ்.5 மாடலுக்கு 74 ஹெர்ட்ஸ்தான். எனவே இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே வகை அளவை எடுத்துக்கொள்ளுங்கள். டெசிபல் குறிப்பே இல்லாத எண்ணை நம்ப வேண்டாம்.

சிறிய அறைக்கு 5 அங்குலமே போதுமானது. பேச்சையும் பாட்டையும் மட்டும் திருத்துபவர்களுக்கு 4 அங்குலமும் போதும். 8 அங்குலம் வாங்கினால் கூடுதல் பலன் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். ஏன் என்பதை அடுத்துப் பார்ப்போம்.

அறையும் ஒரு ஸ்பீக்கர்தான்

நம் வீடுகளில் பத்துக்குப் பத்து அறைகள் அதிகம். ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 344 மீட்டர் செல்கிறது. 10 அடி, அதாவது 3.05 மீட்டர் இடைவெளி உள்ள இரண்டு சுவர்களுக்கிடையே சுமார் 56 ஹெர்ட்ஸ் ஒலி முன்னும் பின்னும் மோதி வலுப்பெறும். நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் இந்த விளைவு ஒன்றன் மேல் ஒன்று சேரும். தளத்தின் உயரமும் 10 அடி என்றால் கேட்கவே வேண்டாம்! சுவரோரம் உட்கார்ந்தால் அந்த ஒலி அதிகமாகவும், அறையின் நடுமையத்தில் உட்கார்ந்தால் மிகக் குறைவாகவும் கேட்கும். மூலையில் ஸ்பீக்கரை வைத்தால் இது இன்னும் மோசமாகும். என் சப்வூஃபர் செய்த வேலையும் இதுதான். பெரிய வூஃபர் வாங்கினால் இந்தத் தொல்லை கூடும்.

எனவே கீழ்க்கண்டவற்றைப் பின்பற்றுங்கள்.

1. இரண்டு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் சம அளவுள்ள முக்கோணமாக அமைய வேண்டும். ஸ்பீக்கர்களுக்கு இடையே 3 அடி என்றால், ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் தலை 3 அடி தள்ளி இருக்கட்டும்.

2. ட்வீட்டர் உங்கள் காது உயரத்தில் இருக்க வேண்டும். ஸ்பீக்கர்களை உங்களை நோக்கிச் சற்றுத் திருப்பி வையுங்கள்.

3. மூலையைத் தவிருங்கள். பின் சுவரிலிருந்து இயன்ற அளவு தள்ளி வையுங்கள். பல மாடல்களில் காற்று வெளியேறும் துளை பின்புறம் இருக்கும். அதனை அடைத்துவிடக் கூடாது.

4. இடப்பக்கச் சுவரும் வலப்பக்கச் சுவரும் சம தூரத்தில் இருக்கட்டும்.

5. வெறும் சுவரும் மொசைக் தரையும் ஒலியை எதிரொலிக்கும். ஜமுக்காளம், கனமான திரை, புத்தக அலமாரி, பஞ்சு மெத்தை ஆகியவை எதிரொலியைக் குறைக்கும். ஆனால் இவை தாழ்ந்த ஒலியின் தொல்லையை அதிகம் குறைக்காது. அதற்கு ஸ்பீக்கரின் இடத்தையும் நாற்காலியின் இடத்தையும் மாற்றிப் பார்ப்பதே வழி.

6. சுவரை ஒட்டித்தான் வைத்தாக வேண்டும் என்றால், ஸ்பீக்கரின் பின்புறம் தாழ்ந்த ஒலியைக் குறைக்கும் சுவிட்ச் உள்ள மாடலை வாங்குங்கள். எச்.எஸ்.5 மாடலில் இது ரூம் கன்ட்ரோல் என்ற பெயரில் உள்ளது.

இணைப்பது எப்படி?

ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனி மின் இணைப்பு தேவைப்படும் மாடல்களே அதிகம். எனவே இரண்டு பிளக் பாயின்ட்களை ஒதுக்கி வையுங்கள். கம்ப்யூட்டரின் ஹெட்போன் துளையிலிருந்து, ஒருமுனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின், மறுமுனையில் இரண்டு 6.35 மி.மீ. மோனோ பின்கள் கொண்ட கேபிளால் இணைக்கலாம். தொடக்கத்திற்கு இது போதும். இதில் இரைச்சல் கேட்டால் யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை வாங்கி, பேலன்ஸ்டு டி.ஆர்.எஸ். கேபிள்களால் இணையுங்கள். பேலன்ஸ்டு கேபிள் வழியில் புகும் இரைச்சலைத் தானே நீக்கிவிடும்.

உம்ம்ம் என்ற தொடர் சத்தம் கேட்டால், நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஒலியாக இருக்க வாய்ப்புண்டு. கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கர்களையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இணைத்துப் பாருங்கள். மூன்று பின்னில் எர்த் பின்னை மட்டும் உடைத்துவிட்டால் சத்தம் போய்விடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். உயிருக்கே ஆபத்து, ஒருபோதும் செய்யாதீர்கள். மின்தடையின்போது சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடினாலும் இரைச்சல் வரும். அது ஸ்பீக்கரின் கோளாறு அல்ல.

ஆன் செய்யும்போது கம்ப்யூட்டர் முதலில், ஸ்பீக்கர் கடைசியில். ஆஃப் செய்யும்போது ஸ்பீக்கர் முதலில். இதனால் டப் என்ற அதிர்ச்சி ஒலி வூஃபரைத் தாக்காது.

விண்டோஸ் 11-ல் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று சென்று உங்கள் ஸ்பீக்கரின் பெயரை கிளிக் செய்யுங்கள். அங்கே ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்பதனை ஆஃப் செய்யுங்கள். இல்லாவிட்டால் நேர்மையான ஸ்பீக்கரை வாங்கி, விண்டோஸே ஒலியை மாற்ற விட்டதாகிவிடும்.

கடையில் எப்படிக் கேட்பது?

மானிட்டர்கள் பெரும்பாலும் இசைக்கருவிகள் விற்கும் கடைகளில்தான் கேட்டுப் பார்க்கக் கிடைக்கும். கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். உங்களுக்கு நன்கு பழகிய பாடல்கள் மூன்றையும், வீட்டில் ஒருவர் பேசிய பதிவையும் எடுத்துச் செல்லுங்கள். அந்தக் குரல் அவருடைய குரலாகவே கேட்கிறதா என்று பாருங்கள். இதைவிடச் சிறந்த சோதனை இல்லை. இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக வையுங்கள். சத்தம் கூடுதலாக உள்ளதே நல்லது என்று காது நம்பிவிடும்.

பணம் போதவில்லை, அல்லது இரவில்தான் வேலை செய்ய முடியும் என்றால் நல்ல ஹெட்போனில் தொடங்கலாம். வசதி வரும்போது மானிட்டர் வாங்கிக்கொள்ளலாம். ஏ.ஆர்.ரகுமான் 1989-ல் சென்னை கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டித்தான் பஞ்சதன் ஸ்டூடியோவை அமைத்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1992-ல் ரோஜா வெளியானது. வீட்டில் இருந்து தொடங்குவது குறைவான தொடக்கம் அல்ல.

கடைசியாக ஒன்று

எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும், முதலில் பதிவு செய்த கோப்பைத் திருத்தாமல் தனியாக ஒரு பிரதி எடுத்து, வேறொரு டிஸ்க்கிலும் வையுங்கள். திருத்தங்களைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள். முடித்த பின் டிவியிலும், மொபைலிலும், ஹெட்போனிலும் போட்டுக் கேளுங்கள். எல்லாவற்றிலும் சுமாராக நன்றாக இருந்தால் உங்கள் வேலை சரி.

5 அங்குல மானிட்டர்கள் வாங்கி, மேசையை மூலையிலிருந்து நகர்த்திய பின், தாத்தாவின் கோப்பை மறுபடி திறந்தேன். தாழ்ந்த ஒலியில் கை வைக்கவே தேவைப்படவில்லை. நாடாவின் உஸ் என்ற இரைச்சலைச் சிறிது குறைத்ததோடு சரி. கூடத்தில் போட்டபோது தறிச் சத்தமும் குரலும் சேர்ந்தே வந்தன. ஆயா ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும், "இன்னொரு வாட்டி போடு" என்றார்.