உறங்காப் புளியும் பி.ஜி. மாணவியும்

கேள்வி: மகள் எம்.டி. முதலாண்டு. டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தால், சோற்றில் கை வைத்தபடியே தூங்கிவிடுகிறாள். தொடர்ந்து 30 மணி நேரம் வேலையாம். கேட்க நாதியே இல்லையா?
– ஒரு வாசகி, ஆழ்வார்திருநகரி

பதில்: உங்கள் ஊர்க் கோயில் உறங்காப் புளி இரவிலும் இலை மூடாது என்பார்கள். அது நம்மாழ்வார் அமர்ந்த மரம், தாங்கும். உங்கள் மகள் தாங்கமாட்டாள்.

விதி இல்லாமல் இல்லை. தொடர் பணி ‘வழக்கமாக’ 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை 1992-லேயே சொல்லிவிட்டது. அந்த ‘வழக்கமாக’ இருக்கிறதே, அதற்குள் எத்தனை இரவு டூட்டியையும் நுழைத்துவிடலாம்! 2023 முதுநிலை மருத்துவக் கல்வி விதிகளில் வார விடுப்பும் ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. வேலை நேரமோ ‘நியாயமான’ அளவாம். யாருடைய நியாயம்?

2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அவர்கள் நடத்திய இணையக் கருத்தாய்வில் 5,337 முதுநிலை மாணவர்கள் பதில் தந்தார்கள். தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 31.2 சதவீதம். மனம் திறக்க விரும்பியவர்களே பதில் எழுதியிருக்கலாம். அப்படிக் கழித்தாலும் சின்னக் கணக்கில்லை.

மகளை டூட்டி நேரத்தை அன்றன்றே செல்போனில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். முறையிடும்போது கையில் கணக்கு வேண்டும். மனம் சோர்ந்தால் 14416, அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ். எந்த நேரமும் பேசலாம், கட்டணமில்லை. தூங்குகிறவளைச் சாப்பிட எழுப்பாதீர்கள்.