அரசர் ஆணையும் இலச்சினையும்

மன்னன் மொழியே சட்டமாக விளங்கிய காலத்தில், ஓர் ஆணை மன்னன் உரைத்ததே என்று நெடுந்தொலைவில் வாழும் குடிகள் அறிவது எங்ஙனம்? அம்மன்னன் மறைந்த பின்னரும் அவ்வாணை நிலைபெறுவது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுக்கும் நம் முன்னோர் கண்ட விடையே இலச்சினை. முத்திரை என்றும் பொறி என்றும் இதனை வழங்குவர். மன்னர் விரலில் அணியும் கணையாழியும் முத்திரையாகப் பயன்பட்டது உண்டு.

குலமும் பொறியும்

சேரர்க்கு வில்லும், சோழர்க்குப் புலியும், பாண்டியர்க்குக் கயலும், பல்லவர்க்கு விடையும் பொறிகளாக விளங்கின. விஜயநகர வேந்தர் வராகப் பொறி கொண்டனர். அவர்தம் செப்பேடுகள் பலவற்றின் இறுதியில், மன்னன் பெயருக்கு மாறாக, 'ஸ்ரீ விரூபாக்ஷ' என்று இறைவன் திருப்பெயரே கையொப்பமாகக் காணப்படும். நாடு இறைவனுடையது, தாம் அதனைக் காக்கும் பணியாளர் என்னும் கருத்து இதனால் புலனாகும்.

ஓலைக்குக் களிமண்ணால் இலச்சினையிடும் வழக்கம் மிகப் பழையது. கண்ணகிக்குச் சிலை வடிக்க இமயத்துக் கல் கொணரச் செங்குட்டுவன் கருதியபோது, வில், கயல், புலி ஆகிய மூன்று பொறிகளும் இட்ட ஓலையை வடபுலத்து மன்னர்க்கு விடுக்குமாறு கூறப்பட்டதாகச் சிலப்பதிகாரம் காட்டுகிறது.

முத்திரை கைமாறினால்

இலச்சினை எத்துணை வலிமையுடையதோ அத்துணை ஆபத்தும் உடையது. விசாகதத்தர் இயற்றிய முத்திராராட்சசம் என்னும் வடமொழி நாடகம் இதனையே பொருளாகக் கொண்டது. நந்தரின் அமைச்சனாகிய ராட்சசனின் கணையாழி சாணக்கியன் கையில் அகப்படுகிறது. அதனைக் கொண்டு இலச்சினையிட்ட ஒரு பொய்யோலையால், ராட்சசனை நம்பியிருந்த மலயகேதுவே அவனை ஐயுறும் நிலை உண்டாகிறது. வாளால் வெல்ல அரியவன் ஒரு மோதிரத்தின் சுவட்டால் வெல்லப்பட்டான். எனவே, இலச்சினை ஒன்றையே நம்பாது, அதற்கு முன்னும் பின்னும் பல காவல்களை அமைப்பது அறிவுடைய அரசின் கடமையாயிற்று.

சோழர் கண்ட முறை

சோழப் பேரரசில் அத்தகைய முறை செம்மையாக அமைந்திருந்தது. மன்னன் திருவாய்மொழியால் ஆணையிடுவான். திருமந்திர ஓலை எழுதுவோன் அதனை எழுதுவான். திருமந்திர ஓலைநாயகம் என்னும் மேலதிகாரிகள் அதனைச் சரிபார்த்து ஒப்புவர். பின்னர்ப் புரவுவரித் திணைக்களத்தார் முன்னிலையில் அது வரிப்புத்தகத்தில் பதிவுபெறும்.

மன்னன் திருமுகம் ஊரை அடைந்தபோது நாட்டார் எதிர்சென்று வணங்கி, அதனைத் தலைமேல் ஏற்றனர். பிடியானையை நடத்தி ஊரெல்லையை வலம்வரச் செய்து, எல்லையில் கல்லும் கள்ளியும் நாட்டினர். இவ்வாறு மன்னன் வாய்மொழி ஓலையிலும், கணக்கிலும், மண்ணிலும் பதிந்தது. நிலைபெற வேண்டிய அறக்கொடைகள் அதன்பின் செம்பிலும் பதிந்தன.

செப்பேடுகளில் துளையிட்டு, ஒரு பெரிய செப்பு வளையத்தில் கோத்து, வளையத்தின் முனைகள் சேருமிடத்தில் இலச்சினையைப் பொருத்தினர். வளையத்தை அறுத்தாலன்றி ஓர் ஏட்டை நீக்கவோ, பொய்யேடு ஒன்றை நடுவே செருகவோ இயலாது. இலச்சினை அழகுக்காக அமைந்ததன்று. கொடையைக் காக்கும் பூட்டாக அமைந்தது.

திருவாலங்காட்டு இலச்சினை

காரைக்காலம்மையார் திருவடிப்பேறு பெற்றதும், இரத்தின சபை விளங்குவதுமான திருவாலங்காட்டில், 1905ஆம் ஆண்டில் 31 ஏடுகள் கொண்ட செப்பேட்டுத் தொகுதி ஒன்று வெளிப்பட்டது. பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு முதலாம் இராசேந்திரன் அளித்த செய்தி அதில் உள்ளது. அதன் வளையத்து இலச்சினையில் அமர்ந்த நிலையில் புலியும், உடன் இரு கயல்களும் வில்லும் விளங்குகின்றன. குடையும் சாமரைகளும் விளக்குகளும் அணிசெய்கின்றன. சோழர் பொறியுடன் பாண்டியர், சேரர் பொறிகளும் சேர்ந்திருப்பது மூவேந்தர் நாடும் ஒரு குடைக்கீழ் இருந்தமையைக் கூறாமற் கூறும். விளிம்பில் கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிப் பாடல், இராசேந்திரனின் ஆணை மன்னர்களின் முடிமேல் திகழ்வது என்னும் கருத்துடையது.

தந்தை சொல் காத்த மைந்தன்

இலச்சினையின் உண்மைப் பெருமையை ஆனைமங்கலச் செப்பேடுகளிற் காணலாம். ஸ்ரீவிசய நாட்டு மன்னன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எடுப்பித்தான். சிவபாதசேகரன் என்று போற்றப்பெற்ற முதலாம் இராசராசன், தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1006 அளவில், ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அப்பள்ளிக்கு அளித்தான். ஆண்டுக்கு ஏறத்தாழ 8,900 கலம் நெல் வரத்தக்க பெருங்கொடை அது.

1014இல் இராசராசன் மறைந்தான். தந்தையின் கொடை ஓலையோடு நின்றுவிடாது என்றும் நிலைபெற வேண்டும் எனக் கருதிய இராசேந்திரன், அதனை 21 செப்பேடுகளில் பொறிக்கச் செய்தான். கொடை தந்தையுடையது, வளையத்தில் விளங்கும் இலச்சினையோ மைந்தனுடையது.

பின்னர் நிகழ்ந்ததே எண்ணத்தக்கது. 1025 அளவில் இராசேந்திரனின் கப்பற்படை கடல் கடந்து சென்று ஸ்ரீவிசயத்தையும் கடாரத்தையும் வென்றது. கொடைக்குக் காரணமாயிருந்த நட்பு போராக மாறியது. ஆயினும், 1090இல் முதலாம் குலோத்துங்கன் ஆட்சியில், கடாரத்து அரசன் தூதர் வந்து வேண்ட, நாகப்பட்டினப் பள்ளிக்கு உரிய ஊர்களுக்கு வரிவிலக்குகள் அளிக்கப்பட்டன. மூன்று ஏடுகளில் பொறிக்கப்பட்ட அச்சாசனத்திலும் ஆனைமங்கலம் இடம்பெறுகிறது. கொடுத்த மன்னன் மறைந்து எழுபது ஆண்டுகள் கடந்த பின்னும், இடையே பெரும்போர் ஒன்று நிகழ்ந்த பின்னும், வேற்றுச் சமயத்தார்க்கு அளித்த சொல் காக்கப்பட்டது. இச்செப்பேடுகள் பிற்காலத்தில் நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகரை அடைந்தமையால் 'லெய்டன் செப்பேடுகள்' எனவும் பெயர் பெற்றன.

இலச்சினைக்கு மேலான காவல்

பழஞ்சாசனங்களின் இறுதியில், பிற்காலத்தில் இவ்வறத்தைக் காப்பவரின் திருவடி தம் தலைமேல் என்று கொடையாளர் கூறும் மரபு ஒன்று உண்டு. தன் ஆணை மன்னர் முடிமேல் விளங்குவது என்று இலச்சினையிற் பொறிப்பது வேந்தர் வழக்கு. பின்வரும் எளியோன் ஒருவன் அறத்தைக் காப்பானாயின் அவனடி தம் முடிமேல் என்று பணிவது அறத்தின் வழக்கு. செம்பும் வளையமும் சொல்லைச் சுமக்கும். அதனைக் காப்பவர் பின்வருவோரே என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

திருக்கோயிற் சுவர்களில் காணும் கல்வெட்டுகளும் அத்தகைய சொற்களே. ஒரு நந்தாவிளக்கும், ஒரு நந்தவனமும், ஒரு வேலி நிலமும் அவற்றால் காக்கப்பெற்றன. வலம்வரும் அன்பர்கள் அவ்வெழுத்துகளின்மேல் எண்ணெயும் திருநீறும் பூசாது, சுண்ணாம்பு படாது போற்றுவாராயின், முன்னோர் தம் தலைமேல் ஏற்ற திருவடிகளுள் அவர்தம் அடிகளும் ஒன்றாகும்.