கதவைத் தட்டிய கோடுகள்

வேலை தேடுவோர் பெரும்பாலும் ஒரே வழியில்தான் செல்கின்றனர். விண்ணப்பம் எழுதுகின்றனர், சான்றிதழ்களின் படிகளை இணைக்கின்றனர், தேர்வு எழுதி, நேர்முகத்துக்குச் செல்கின்றனர். பின்னர் ஒருநாள் பணி ஆணை வருகிறது. குடும்பம் பெட்டி படுக்கையுடன் வேற்றூருக்குப் புறப்படுகிறது. மைசூருவில் ரயில்வே பணிமனையிலும், ரூபாய் நோட்டு அச்சகத்திலும், உணவு ஆராய்ச்சி நிறுவனத்திலும் பணிபுரியும் தமிழர் பலர் இவ்வாறு வந்தவர்களே. ஆயினும் எல்லார்க்கும் வேலை இவ்வழியே வந்து சேர்வதில்லை. எவரும் கேளாமலே ஒன்றைச் செய்துவைத்து, அதனையே விண்ணப்பமாக நீட்டியவரும் உண்டு. அவர்களுள் ஒருவர் இதே மைசூருவில் வளர்ந்த தமிழர்.

கருத்துப்பட ஓவியர் ஆர். கே. லட்சுமண் 1921ஆம் ஆண்டு மைசூருவில் பிறந்தார். அவர் பெயரின் முன் நிற்கும் ‘ஆர்’ என்னும் எழுத்து இராசிபுரத்தைக் குறிப்பது. அவ்வூர் இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. ‘கே’ என்பது தந்தையார் கிருஷ்ணசாமியின் பெயர். அவர் மைசூரு மகாராஜா உயர்நிலைப்பள்ளியில் தலைமையாசிரியராக விளங்கியவர். எங்கு வாழ்ந்தபோதும் முன்னோர் ஊரை முதலெழுத்தில் சுமந்த குடும்பம் அது. எட்டு மக்களுள் லட்சுமணே கடைக்குட்டி.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் முன்பே, வீட்டுக்கு வந்த ஆங்கில இதழ்களின் படங்களில் அவர் மனம் தோய்ந்தது. தரை, சுவர், கதவு என அவர் வரையாத இடம் வீட்டில் இல்லை. வகுப்பில் ஆசிரியர்களையே கேலிப்படமாக வரைந்தார். ஒருநாள் அவர் வரைந்த அரசிலை ஒன்றை ஆசிரியர் ஒருவர் பாராட்டினார். தாம் ஓவியராகலாம் என்னும் எண்ணம் அவருக்கு அந்த இலையிலிருந்து துளிர்த்தது. ‘தி இந்து’ நாளிதழில் அவ்வப்போது வெளிவந்த டேவிட் லோ என்னும் புகழ்பெற்ற ஓவியரின் படங்களை அவர் விரும்பிப் பார்ப்பார். அப்படங்களின் கீழிருந்த ‘லோ’ என்னும் ஆங்கிலக் கையொப்பத்தை நெடுநாள் ‘கௌ’, அதாவது பசு, என்றே படித்துவந்தாராம்! சன்னல் வழியே கண்டவை எல்லாம் அவருடைய தாளில் ஏறின: காய்ந்த சுள்ளிகள், ஊர்ந்து செல்லும் பல்லி போன்ற உயிர்கள், விறகு பிளக்கும் வேலையாள், எதிர்வீட்டுக் கூரையில் பலவாறு அமர்ந்திருந்த காகங்கள். பிறர் விரட்டும் காகத்தை வாழ்நாள் முழுவதும் ஆசையோடு வரைந்தவர் அவர்.

இதற்கிடையே தந்தையார் பக்கவாதத்தால் படுக்கையில் வீழ்ந்தார். ஏறத்தாழ ஓராண்டில் மறைந்தார். மூத்தவர்கள் குடும்பப் பொறுப்பைத் தாங்கியதால் இளையவரின் படிப்பு தடைப்படவில்லை. பள்ளிப்படிப்பு முடிந்ததும் பம்பாயிலுள்ள ஜே. ஜே. ஓவியப் பள்ளியில் சேர விண்ணப்பித்தார். மாணவராகச் சேர்த்துக்கொள்வதற்கு உரிய திறமை அவருடைய ஓவியங்களில் இல்லை என்று அப்பள்ளித் தலைவரிடமிருந்து மறுமொழி வந்தது. ஓவியம் ஒன்றையே நம்பியிருந்த இளைஞருக்கு அது சிறிய அடியன்று.

அவர் மைசூரு மகாராஜா கல்லூரியில் இளங்கலை பயின்றார். ஆனால் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. அண்ணன் ஆர். கே. நாராயண் எழுதி ‘தி இந்து’வில் வெளிவந்த கதைகளுக்குப் படம் வரைந்தார். மருத்துவர் சிவராம் 1942இல் தொடங்கிய ‘கொரவஞ்சி’ என்னும் கன்னட நகைச்சுவை இதழிலும் அவருடைய கேலிப்படங்கள் வந்தன. வீட்டிலேயே ஓர் எழுத்தாளர் இருந்தது அவருக்கு வாய்த்த நற்பேறு என்பதை மறைக்க வேண்டியதில்லை. கதவைத் திறந்துவிட அண்ணனால் இயலும். அண்ணனுக்காகக் கோடு வரைய வேண்டியவர் தம்பியே அல்லவா?

பட்டம் பெற்றபின் வேலை தேடித் தில்லிக்குச் சென்றார். மிகவும் இளையவர், முதலில் சிறு நாளிதழ்களில் பழகி வருக என்று அங்கு அவரை அனுப்பிவிட்டனர். பின்னர்ப் பம்பாயில் ‘ஃபிரீ பிரஸ் ஜர்னல்’ அவருக்கு அரசியல் கருத்துப்படம் வரையும் பணியைத் தந்தது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வுக்கு மாறி, அங்கு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக வரைந்தார். கட்டம் போட்ட சட்டையும் வேட்டியும் அணிந்து, வாய் பேசாமல் நாட்டு நடப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ‘பொதுமனிதர்’ அங்கு அவர் படைத்தவரே. ஓவியப் பள்ளியின் சான்றிதழ் ஒருநாளும் அவர் கையில் இருந்ததில்லை. அச்சில் வந்த படங்கள் இருந்தன.

சான்றிதழ் இல்லாத இடத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டியவர் கணித மேதை இராமானுசன். கணிதம் தவிர மற்றப் பாடங்களைப் புறக்கணித்ததால் கல்லூரித் தேர்வில் தோற்றவர் அவர். வறுமை வாட்டவே, 1910ஆம் ஆண்டளவில் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த இராமசுவாமி ஐயரிடம் சென்று எழுத்தர் வேலை கேட்டார். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர் அந்த அதிகாரி. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டியதும், இத்தகைய அறிவைக் கீழ்நிலை எழுத்தர் வேலையில் அடைத்துவைக்க அவருக்கு மனம் வரவில்லை. எனவே வேலைக்கு மாறாகச் சென்னையிலிருந்த கணித அன்பர்களுக்கு அறிமுகக் கடிதம் தந்தார். 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் இராமானுசன் எழுத்தரானார். அங்கும் தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் கணிதம் அறிந்தவராக இருந்தது நல்வாய்ப்பு. புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவர் கையில் அது சேர வேண்டும் அல்லவா?

அதற்குச் சரியாகத் தொண்ணூற்றொன்பது ஆண்டுகளுக்கு முன், அதே மார்ச் 1 அன்று, இலண்டனில் இன்னோர் இளைஞருக்கு வேலை கிடைத்திருந்தது. புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிய மைக்கேல் பாரடே, கடைக்கு வந்த ஒருவர் தந்த நுழைவுச்சீட்டால் அறிவியலறிஞர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். கேட்டவற்றை முந்நூறு பக்க அளவில் எழுதி, தம் கையாலேயே அழகுறக் கட்டி, டேவிக்கே அனுப்பினார். டேவி மகிழ்ந்தார், ஆனால் காலியிடம் இல்லை. சில வாரங்களில் ஆய்வகப் பணியாளர் ஒருவர் சண்டையிட்டு வேலையை இழந்தார். டேவிக்கு அந்தப் புத்தகம் நினைவுக்கு வந்தது.

பயிற்சி

1. லட்சுமண், இராமானுசன், பாரடே ஆகியோர் சான்றிதழுக்கு மாற்றாகக் காட்டியவை எவை?

2. லட்சுமணின் உயர்வில் அண்ணனின் துணை பெரிதா, அவருடைய உழைப்பு பெரிதா? இரு அணிகளாகப் பிரிந்து பேசுக.

3. உன் பெயரின் முதலெழுத்து எதைக் குறிக்கிறது? உன் குடும்பம் எந்த வேலையின் பொருட்டு இவ்வூருக்கு வந்தது? வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.