மின்கிற்றாரின் பிக்கப்பை மாற்றுதல்

மின்கிற்றாரின் தந்தியதிர்வை மின்னாக மாற்றுவது பிக்கப் என்னும் உறுப்பாகும். காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். உருக்குத் தந்தி அதிருங்கால் காந்தப்புலம் மாறுபட, சுருளில் மின்னழுத்தம் பிறக்கின்றது. 1831 இல் பரடே கண்ட தூண்டலே இது. நைலோன் தந்திக்கு இவ்வுறுப்புச் செவிடு.

ஒற்றைச் சுருளின் நாதம் கூரியது. ஆயினும் வீட்டு மின்னோட்டத்தின் முரலொலியையும் அது வாங்கிவிடும். கிப்சன் நிறுவனத்துச் சேத் லவர் 1955 இல் இதற்கொரு வழி கண்டார். இரு சுருள்களை எதிரெதிராக இணைத்தால் புறத்தே வரும் முரலொலி ஒன்றையொன்று அழிக்கும். காந்தமுனைகளையும் எதிராக வைத்தமையால் தந்தியொலி மாத்திரம் அழியாது கூடி நிற்கும்.

தடை மிகுந்ததே சிறந்தது என்பார் பலர். நாம் அதனை ஒப்போம். சுற்றுகள் மிகின் ஒலி வலுக்கும். உச்சத் தொனிகளோ மங்கும். காசு செலவிடுமுன் பழைய பிக்கப்பைச் சற்றே தாழ்த்திப் பார்த்தல் நன்று. காந்தம் மிக நெருங்கின் தந்தியை இழுத்துச் சுருதியைக் கெடுக்கும்; குறை அதுவாகவும் இருக்கலாம்.

மாற்றுவதாயின், பழைய இணைப்புகளை முதலில் வரைந்துகொள்க. ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோஓம், இரட்டைச் சுருளுக்கு 500 கிலோஓம் மாறுந்தடை வழக்கம். ஒன்றை மட்டும் மாற்றியபின் இரண்டையுஞ் சேர்த்து வாசிக்கையில் ஒலி மெலிந்தால், புதியதன் இரு கம்பிகளையும் இடமாற்றிப் பற்றாசிடுக. உலோக மூடி அக்கம்பியொன்றோடு இணைந்திருப்பின் அவ்விணைப்பை முன்னரே பிரித்து, மூடியைத் தனிக்கம்பியால் நிலத்தொடுப்பிற் சேர்த்தல் வேண்டும்.