கிராணியின் நாற்காலி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஜே.ஏ. ரசல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில், கேமரன் மலையில் நாற்காலி தோட்டத் துரைக்கும் கிராணி எனப்பட்ட எழுத்தருக்கும் உரிய பொருளாக இருந்தது. மற்ற எல்லாருக்கும் மலைச்சரிவுதான் வேலையிடம். இன்று கொழுந்து வெட்டுவோரில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அன்று கூடை சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர், லெம்பா பெர்த்தாமிலும் ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் கணினி முன் உட்கார்ந்து சம்பளப் பட்டியல் போடுகிறார்கள், காய்கறி லாரிக்குச் சீட்டு எழுதுகிறார்கள், பூத் தோட்டத்தின் வரவு செலவு பார்க்கிறார்கள். இரண்டே தலைமுறையில் வேலை நின்றபடியிருந்து உட்கார்ந்தபடிக்கு மாறிவிட்டது. எப்படி உட்காருவது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. அந்த இடத்தைக் காற்றில் வந்த நம்பிக்கைகள் நிரப்பியிருக்கின்றன.

நம்பிக்கை: "கொழுந்துக் கூடை சுமந்த பாட்டிக்கே முதுகு வலிக்கலே. ஆபிஸ்ல உக்காந்திருக்கிற உனக்கு என்ன வலி?"

வீட்டில் பெரியவர்கள் வாயிலிருந்து வருவதால் இதற்கு மறுபேச்சு இருப்பதில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு வேலையிலிருந்து வரும் பெண், தன்னைச் சோம்பேறி என்றே நினைக்கத் தொடங்குகிறாள். அதனாலேயே முதலில் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

பாட்டிக்கு வலி இருந்தது. குனிவது, தூக்குவது, சுமையோடு திரும்புவது மூன்றும் முதுகு வலிக்கு உலகெங்கும் அறியப்பட்ட காரணங்கள். தேயிலைச் சரிவில் மூன்றும் தினசரி வேலை. ராத்திரி தைலம் தேய்த்துவிட்டு விடியற்காலையில் பெரட்டுக்கு (வருகைப் பதிவுக்கு) போய் நின்றார்கள். வலியைச் சொல்லிக்கொள்ள அன்று இடமில்லை என்பதால் வலியே இல்லை என்றாகிவிடாது.

பேத்தியின் வலி வேறு வகை. முதுகெலும்புகளுக்கு இடையில் உள்ள வட்டுகளின் (டிஸ்க்) உட்பகுதிக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. சுற்றியுள்ள திசுக்களிலிருந்து ஊட்டம் கசிந்து உள்ளே போக வேண்டும். அழுத்தம் ஏறி இறங்கி மாறுவது அதற்கு உதவும் என்று கருதப்படுகிறது. நடக்கும்போது இந்த மாற்றம் தானாக நிகழ்கிறது. ஒரே நிலையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அவ்வளவாக நிகழ்வதில்லை. கழுத்திலும் தோளிலும் உள்ள தசைகள், விசைப்பலகையின் மேல் கையைத் தாங்கிப் பிடித்தபடி, சிறிய இறுக்கத்தை விடாமல் வைத்திருக்கின்றன. பெரிய சுமையை ஒருமுறை தூக்கி இறக்குவதைவிட, சின்னச் சுமையை இறக்காமலே வைத்திருப்பது தசையை வேறு விதமாகச் சோர்வடையச் செய்யும். பாட்டியின் உழைப்பையும் பேத்தியின் உழைப்பையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இரண்டும் உழைப்புதான்.

நம்பிக்கை: முதுகை நேராக, தொடைக்குத் தொண்ணூறு டிகிரியில் வைத்து உட்கார்ந்தால் வலி வராது.

பள்ளிக்கூட வகுப்பில் "நிமிர்ந்து உட்காரு" என்று கேட்டு வளர்ந்த பழக்கம் இது. ஸ்காட்லாந்தில் அபர்தீன் நகரத்து மருத்துவமனை ஒன்றில், நோயில்லாத 22 பேரை உட்காரவைத்தே காந்த அதிர்வுப் படம் (எம்.ஆர்.ஐ.) எடுத்துப் பார்த்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. முதுகு வட்டுகள் மிகக் குறைவாக இடம் நகர்ந்தது, உடம்பு பின்னால் நன்றாகச் சாய்ந்த 135 டிகிரி நிலையில். தொண்ணூறு டிகிரி அதைவிட மோசமாக இருந்தது. ஜெர்மனியில் 1999-இல் வெளியான இன்னொரு ஆய்வில், தன்னார்வலர் ஒருவரின் முதுகு வட்டுக்குள்ளேயே அளவுமானியைப் பொருத்தி அழுத்தத்தை அளந்தார்கள். முதுகை வலிந்து நிமிர்த்தியபோது அழுத்தம் கூடியது. நாற்காலியில் தளர்ந்து சாய்ந்தபோது குறைந்தது. ஒரே ஆளிடம் அளந்தது என்பதால் அதை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். ஆனால் விறைப்பாக உட்காருவதே முதுகுக்கு ஓய்வு என்ற எண்ணத்தை அது அசைத்துவிட்டது.

135 டிகிரியில் சாய்ந்துகொண்டு தட்டச்சு செய்ய முடியாது. நடைமுறைக்கு ஏற்றது 100 முதல் 110 டிகிரி வரை. முதுகு சாய்மானத்தில் படிந்திருக்க வேண்டும், சாய்மானம் உங்களோடு அசைய வேண்டும். இங்கேதான் பெரும்பாலான அலுவலக நாற்காலிகள் வீணாகின்றன. கடையிலிருந்து வந்த நாளில் பூட்டியிருந்த சாய்வு, வருடக்கணக்கில் பூட்டியே கிடக்கிறது. இருக்கைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். பல நாற்காலிகளில் வலப்பக்கப் பிடியை மேலே தூக்கினால் உயரம் மாறும், அதையே வெளியே இழுத்தால் சாய்வின் பூட்டு திறக்கும். முன்பக்கம் அடியில் ஒரு பெரிய திருகு இருக்கும். அது உங்கள் எடைக்கு ஏற்ப இறுக்கத்தை மாற்றுவதற்கு. சாய்வதற்கு முதுகால் தள்ள வேண்டியிருந்தால் தளர்த்துங்கள். சாய்ந்ததும் மல்லாக்க விழுவது போலிருந்தால் இறுக்குங்கள். மெலிந்த பெண் உட்காரும் நாற்காலியில் அந்தத் திருகு நூறு கிலோ ஆளுக்கான இறுக்கத்தில் இருந்தால், நாற்காலி சாயவே சாயாது. அவளும் நாள் முழுக்க முதுகு படாமல் விளிம்பில் உட்கார்ந்திருப்பாள்.

நம்பிக்கை: பாதம் தரையில் படிகிற மாதிரி நாற்காலியை இறக்கிவிட்டால் போதும்.

எல்லாக் குறிப்புகளும் இதைத்தான் முதலில் சொல்கின்றன. நம் ஆட்களுக்கு மிக அதிகமாகத் தொல்லை தருவதும் இந்தப் பாதி உண்மைதான், ஏனென்றால் இது மேசையை மறந்துவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அலுவலக மேசை ஏறக்குறைய 74 சென்டிமீட்டர் உயரம். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு, செருப்போடு சேர்த்து, தரையிலிருந்து முழங்காலின் பின்புறம் வரை தோராயமாக 40 சென்டிமீட்டர். இருக்கையிலிருந்து முழங்கை வரை இன்னொரு 22. பாதத்துக்குப் பார்த்து நாற்காலியை 40-இல் வைத்தால் முழங்கை 62-இல் நிற்கும். மேசை அதற்கு 12 சென்டிமீட்டர் மேலே இருக்கும். எட்டு மணி நேரம் தோளைத் தூக்கிக்கொண்டே தட்டச்சு செய்ய வேண்டும். சாயங்காலம் கழுத்து வலிக்கும், தலை வலிக்கும். மேசைக்குப் பார்த்து நாற்காலியை 52-க்கு ஏற்றினால் கால் தொங்கும். இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடிப்பகுதியை அழுத்தும், கால் மரத்துப்போகும், கணுக்கால் வீங்கும்.

மேசையை இறக்க முடிந்தால் அதுதான் முதல் வழி. முடியாவிட்டால் முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்வரை நாற்காலியை ஏற்றுங்கள். பிறகு தரையை மேலே கொண்டுவாருங்கள். அதாவது காலுக்கடியில் 12 சென்டிமீட்டர் உயரத்தில் உறுதியான பலகை வையுங்கள். லெம்பா பெர்த்தாமில் காய்கறிப் பெட்டிக்குப் பஞ்சமில்லை. ஒரு மரப்பெட்டியை அளவாக அறுத்துக் கவிழ்த்தால் வேலை முடிந்தது. இரண்டு பாதமும் முழுதாகப் படிந்து, கொஞ்சம் நகர்த்தவும் இடம் இருக்கும் அகலம் வேண்டும். நாற்காலியின் சக்கரக் கால்களில் பாதத்தை ஏற்றிக்கொண்டு உட்காருவது இதற்கு ஈடாகாது. அப்போது முழங்கால் பின்னால் மடங்கி, இடுப்பு முன்னால் நழுவிவிடும்.

உயரம் சரியானபின் இருக்கையின் ஆழம். முதுகு சாய்மானத்தில் படும்படி உட்கார்ந்தால், முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் போக இடம் வேண்டும். இடமில்லை என்றால் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத நாற்காலியில்தான் முதுகுக்கு ஒரு மெத்தை தேவைப்படும்.

நம்பிக்கை: முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்தால் எல்லாம் சரியாகும்.

எங்கே வைக்கிறோம், எவ்வளவு தடிப்பு என்பதைப் பொறுத்தது. முதுகின் இயல்பான உள்வளைவு, இடுப்பு வாரைச் சுற்றியும் அதற்குச் சற்று மேலேயும் இருக்கிறது. தாங்கல் அங்கே வேண்டும். தோள்பட்டைக்கு நடுவில் வைத்தால் அது உங்களை முன்னால் தள்ளும். தடிப்பான சோபாத் தலையணை இருக்கையின் பாதி ஆழத்தைத் தின்றுவிடும். சின்னத் துண்டைச் சுருட்டி வைத்தாலே பலருக்குப் போதும்.

கைத்தாங்கிகளுக்கும் இதே விதி. தோளைத் தூக்காமல் முழங்கை லேசாகப் படும் உயரம்தான் சரி. அவை மேசையில் இடித்து உங்களை மேசையிலிருந்து தள்ளி வைக்குமானால் இறக்கிவிடுங்கள், இறங்காவிட்டால் கழற்றிவிடுங்கள்.

நம்பிக்கை: மலைக் குளிரும் காத்தும்தான் முதுகைப் பிடிக்கின்றன.

ராத்திரியில் 15 டிகிரி வரை இறங்கும் ஊரில் இப்படி நினைப்பது இயல்பு. ஆஸ்திரேலியாவில் சிட்னியில் முதுகு வலியோடு மருத்துவரிடம் வந்த 993 பேரின் வலி தொடங்கிய நேரத்தை, அந்நேர வானிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2014-இல் முடிவு வந்தது. வெப்பம், ஈரப்பதம், மழை எதற்கும் வலியோடு தொடர்பு காணவில்லை. காற்று வேகம் மட்டும் சிறிதளவு வேறுபாடு காட்டியது. அதுவும் பொருட்படுத்தும் அளவில் இல்லை. குளிரில் தசை விறைத்தது போல் தோன்றும். சுடுநீர்ப் பையும் கோடாலித் தைலமும் இதமாகவும் இருக்கும். அவற்றை விடச் சொல்லவில்லை. குளிர்மேல் பழியைப் போட்டுவிட்டு நாற்காலியைப் பார்க்காமல் இருப்பதுதான் நஷ்டம்.

நம்பிக்கை: விலை உயர்ந்த நாற்காலி வாங்கினால் தீர்ந்தது. அல்லது, நின்றுகொண்டே வேலை செய்தால் தீர்ந்தது.

பந்தயக் கார் இருக்கை மாதிரி, பக்கவாட்டில் அணைத்துப் பிடிக்கும் நாற்காலிகளை இப்போது இளைஞர்கள் ஆசையாக வாங்குகிறார்கள். வளைவில் ஓட்டுநரை நகரவிடாமல் பிடிப்பதற்காக உருவான வடிவம் அது. மேசையில் வேலை செய்பவருக்கோ நகர வேண்டும். உயரம், சாய்வு, ஆழம் மூன்றையும் மாற்ற முடிந்த சாதாரண நாற்காலி, மாற்றப்படாத விலை உயர்ந்த நாற்காலியைவிட மேல்.

நாள் முழுக்க நிற்பதற்கும் அதற்கே உரிய விலை உண்டு. காய்கறி தரம் பிரிக்கும் கொட்டகையில் நிற்பவர்களைக் கேளுங்கள்; கால் கடுப்பும் நரம்புச் சுருட்டலும் அவர்களுக்குத் தெரியும். அதே கொட்டகைகளில் தாழ்ந்த பிளாஸ்டிக் முக்காலியில் குந்தி, முழங்கால் இடுப்புக்கு மேலே நிற்க, தரையில் கிடக்கும் பூவைக் குனிந்து கட்டுபவர்களும் இருக்கிறார்கள். அலுவலகத்தில் இருப்பவரைவிட அவர்களுக்கு இந்தப் பேச்சு அவசரமாகத் தேவை. வேலையை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி வைத்தாலே அவர்களுடைய முதுகுச் சுமை பெரிதும் குறையும்.

எந்த நாற்காலியும் உடல் அசைவுக்கு மாற்றாகாது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களைத் தொகுத்து 2016-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பவர்களிடம் காணும் கூடுதல் இறப்பு அபாயம், தினமும் 60 முதல் 75 நிமிடம் வேகமாக நடப்பது போன்ற உடலுழைப்பு உள்ளவர்களிடம் இல்லாமல் போகிறது என்று காட்டியது. முதுகுக்கு அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, தண்ணீர் பிடித்து வரும் அளவுக்காவது நடந்து வாருங்கள். தொலைபேசி வந்தால் நின்று பேசுங்கள்.

நம்பிக்கை: வலி வந்தால் டிஸ்க் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

வலியே இல்லாதவர்களின் முதுகெலும்பு ஸ்கேன் படங்களை ஆராய்ந்த 2015-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்றில், இருபது வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் வட்டு பிதுங்கியிருந்தது. வயதானால் தோலில் சுருக்கம் விழுவது போன்ற மாற்றம்தான் பலருக்கு. படத்தில் தெரிந்ததாலேயே அதுதான் வலிக்குக் காரணம் என்று முடிவு கட்டிப் படுத்துவிட வேண்டாம். பெரும்பாலான முதுகு வலி, நடமாட்டத்தோடு சில வாரங்களில் தணிந்துவிடும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. கால் பலவீனமாகித் தளர்வது, தொடையிடுக்கிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் உணர்ச்சி மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை மீறுவது, காய்ச்சலோடு முதுகு வலிப்பது, விழுந்தபின் வலிப்பது. இவற்றில் எது வந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல், தானா ராத்தா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அன்றே போக வேண்டும்.

நம்பிக்கை: கால்பலகை கேட்டால் முதலாளி என்ன நினைப்பாரோ.

மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. இராணுவம், வீட்டுப் பணி போன்ற சில விலக்குகள் நீங்கலாக எல்லா வேலையிடங்களையும் அது தழுவுகிறது. வேலையால் உடல்நலத்துக்கு வரக்கூடிய அபாயத்தை மதிப்பிட்டுக் குறைப்பது முதலாளியின் கடமை. டோஷ் எனப்படும் பாதுகாப்பு, சுகாதார இலாகா, உடலுக்கு ஏற்ற வேலையமைப்பை எப்படி மதிப்பிடுவது என்று 2017-இல் தனி வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. மேசை உயரம், உங்கள் முழங்கை உயரம், இருக்கை உயரம் மூன்றையும் அளவு நாடாவால் அளந்து ஒரு தாளில் எழுதி, "இந்தப் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு பலகை வேண்டும்" என்று மேலாளரிடம் கொடுங்கள். இரண்டு பேர் மாறி மாறி உட்காரும் நாற்காலியாக இருந்தால், ஏற்றி இறக்கும் தண்டின் உறையில் ஆளுக்கொரு நிறத்தில் ஒட்டு நாடாவைச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வந்தவுடன் அரை நிமிடத்தில் அவரவர் உயரத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.