அடுக்களையில் வடிவ கணிதம்

ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் உண்ண அமர்கின்றனர். அண்ணனுக்கு 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள தோசை ஒன்று இடப்படுகிறது. தம்பிக்கு 14 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு தோசைகள் இரண்டு கிடைக்கின்றன. பதினான்கும் பதினான்கும் இருபத்தெட்டு. ஆகவே பங்கு சரியே என்று வீட்டார் எண்ணுகின்றனர். தம்பியோ தனக்குக் குறைவு என்று முறையிடுகிறான். நியாயம் அவன் பக்கமே உள்ளது. தோசைகளின் தடிப்பு ஒன்றாயின், அண்ணன் பெற்றதில் சரிபாதியைத்தான் அவன் பெற்றிருக்கிறான்.

இஃது எங்ஙனம்? விட்டம் என்பது நீளம், உண்ணப்படுவதோ பரப்பு. வட்டத்தின் பரப்பைக் காண, ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, வந்ததை 22/7 ஆல் பெருக்க வேண்டும் என்று மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். அவ்விதி எவ்வாறு பிறந்தது என்று கேட்போர் சிலரே. அதற்குரிய விடையைத் தோசையிலேயே காணலாம்.

சற்றுத் தடித்த தோசை ஒன்றை மையத்தின் வழியாகப் பலமுறை வெட்டிப் பதினாறு சம துண்டுகளாக்குக. ஒவ்வொரு துண்டும் ஒரு முனை கூர்மையாகவும் மறுமுனை வளைந்தும் இருக்கும். ஒரு துண்டின் கூர்முனை மேலும், அடுத்ததன் கூர்முனை கீழுமாக மாற்றி மாற்றி நெருக்கி அடுக்குக. வட்டம் மறைந்து, ஏறத்தாழ ஒரு நீள்சதுரம் தோன்றும். அதன் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் சிறிது அலையலையாக இருக்கும். துண்டுகளைச் சிறியனவாக்குந்தோறும் அவ்வலைவு குறையும். முந்தைய வட்டத்தின் சுற்றளவில் பாதி மேலும் பாதி கீழுமாக அமைந்துவிட்டது. ஆதலின் நீள்சதுரத்தின் நீளம் சுற்றளவில் பாதி. அகலம் விட்டத்தில் பாதி. இவ்விரண்டையும் பெருக்கினால் பரப்புக் கிடைக்கும். காரிநாயனார் இயற்றிய ‘கணக்கதிகாரம்’ என்னும் பழந்தமிழ்க் கணித நூலும் வட்டத்தின் குழியைக் காண இம்முறையையே கூறுகிறது. குழி என்றது ஈண்டுப் பரப்பை.

அண்ணனுடைய தோசையின் சுற்றளவு 88 சென்டிமீட்டர். அதில் பாதி 44. விட்டத்தில் பாதி 14. பரப்பு 616 சதுர சென்டிமீட்டர். சிறு தோசைக்கு 22 ஐ 7 ஆல் பெருக்கினால் 154. இரண்டுக்கும் சேர்த்து 308 தான். தம்பிக்கு இன்னும் இரண்டு தோசை வரவேண்டும்!

உருண்டைப் பண்டங்களில் இவ்வேறுபாடு மேலும் பெரிதாகும். விட்டம் பாதியானால் உருண்டையின் கன அளவு எட்டில் ஒரு பங்காகிறது. மேற்பரப்போ நான்கில் ஒரு பங்குதான் ஆகிறது. சுழியம் செய்வோர் இதனை நூலில் படியாமலே அறிவர். பெரிய பூரண உருண்டை ஒன்றைப் பிரித்து எட்டுச் சிறு உருண்டைகள் பிடிக்கலாம். ஆயின் அவற்றின் மொத்த மேற்பரப்பு முன்னையதைப்போல் இரு மடங்கு. ஆகவே, மேலே தோய்க்கும் மாவும் ஏறத்தாழ இரு மடங்கு வேண்டும். பூரணம் மிகவில்லை; மாவு மட்டும் ஏன் தீர்ந்தது என்ற வியப்புக்கு விடை இதுவே.

சோமாசுக்கு மாவைத் தேய்த்து வட்ட மூடியால் வெட்டுகின்றனர். ஒரு சதுரத்துள் அடங்கும் மிகப் பெரிய வட்டம், அச்சதுரத்தின் பரப்பில் ஏறத்தாழ 11/14 பங்கையே கொள்ளும். எஞ்சிய மூலைகளைத் திரட்டி மீண்டும் தேய்க்க வேண்டும். பர்பியை மீண்டும் பிசைய இயலாது. அதனாற்போலும், இருபுறமும் இணைகோடுகளாகக் கீறிச் சாய்சதுரங்களாக எடுக்கின்றனர். தட்டின் ஓரங்கள் தவிர, இடையே ஒரு துணுக்கும் வீணாவதில்லை.

உளுந்து வடையின் துளை அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. துளையில்லாத தடித்த வடையில் எண்ணெயின் சூடு நடுவிடத்தை அடைவதற்குள் ஓரம் கருகத் தொடங்கும். துளையிட்டபின் உள்ளும் புறமும் எண்ணெய் சூழ்கிறது. மாவின் எப்பகுதியும் சூட்டுக்கு நெடுந்தொலைவில் இல்லை.

முறுக்கு, வளைந்து கிடக்கும் ஒரு நீளம். அதனை ஒடிக்காமலே அந்நீளத்தைக் கணக்கிடலாம். சுற்றுகள் இடைவெளியின்றி நெருங்கிய முறுக்கு ஒன்றின் விட்டம் 7 சென்டிமீட்டர், இழையின் அகலம் அரை சென்டிமீட்டர் எனக் கொள்க. சுற்றளவில் பாதியாகிய 11 ஐ விட்டத்தில் பாதியாகிய 3.5 ஆல் பெருக்க, பரப்பு 38.5 சதுர சென்டிமீட்டர். இழையை விரித்த நாடாவுக்கும் இதுவே பரப்பு. அரையால் வகுத்தால் நீளம் ஏறத்தாழ 77 சென்டிமீட்டர். ஐயமுள்ள மாணவர், இழையின் நடுவழியே ஒரு நூலைச் சுற்றுச் சுற்றாகப் படிய வைத்து, பின்னர் அதனை எடுத்து நீட்டி அளந்து பார்க்கலாம். முறுக்கைத் தின்பது அதற்குப் பிறகு.